பழைய நாணயத்தை இணைய ஏலத்தில் விற்கப் போகிறீர்களா? முதன்முறை விற்பவர் அறிய வேண்டிய நெறிமுறைகள்

புதுடெல்லி: வீடு மாறும்போதோ, பாகப்பிரிவினையின்போதோ பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டி வெளிப்படுவது இந்தியக் குடும்பங்களில் வழக்கமான நிகழ்வு. அதனுள் விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த வெள்ளி ரூபாய் சில, ஓட்டைக் காலணா சில, செல்லாதுபோன 25 பைசாக்கள், அபூர்வமானது என்று யாரோ சொல்லி எடுத்துவைத்த ஒரு 5 ரூபாய் நாணயம் ஆகியவை இருக்கும். முன்பெல்லாம் இத்தகைய பெட்டி நகைக்கடைக்குச் சென்று வெள்ளியின் எடைக்கு விலைபோகும். இப்போது கைப்பேசியில் நான்கு படங்களை எடுத்து இணைய ஏலத்தில் பதிவேற்றிவிடலாம். அந்த எளிமையே பலரைச் சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. பொருளை இழப்பவர்கள் ஒருபுறம் இருக்க, பணம் கிடைத்த பிறகும் "ஏமாற்றுக்காரர்" என்ற பெயரைச் சம்பாதித்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். ஏலத்தின் மரபு தெரியாதவர்கள்.

இந்தியாவில் பொதுமக்கள் இணையத்தில் ஏலமுறையில் விற்கப் பழகியது பாஸீ டாட் காம் தளத்தின் காலத்தில். 2004-ல் அதை அமெரிக்காவின் இபே நிறுவனம் வாங்கியது. இபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதன் பின்னர் இங்கே இணைய ஏலம் இரு வழிகளில் பிரிந்து நடைபெறுகிறது. மும்பை, பெங்களூரு, அகமதாபாத் போன்ற நகரங்களில் இயங்கும் நாணய ஏல நிறுவனங்கள் அட்டவணை வெளியிட்டு, அரங்கிலும் இணையத்திலும் ஒரே நேரத்தில் ஏலம் நடத்துவது ஒரு வழி. சேகரிப்பாளர்கள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் தங்களுக்குள் நடத்தும் சிறு ஏலங்கள் மற்றொரு வழி. முதலாவதில் நிறுவனம் பொருளைச் சோதித்து, விவரித்து, பணத்தை வசூலித்துத் தருகிறது. இரண்டாவதில் இவை அனைத்தும் விற்பவரின் பொறுப்பு. எனவே நெறிமுறை பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டாவது வழியில் செல்பவர்களுக்கே உரியது.

முதலில் பொருளை அறிதல்

விற்பவரின் முதல் கடமை, தம்மிடம் இருப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்வது. விலை அதற்குப் பிந்தைய கேள்வி.

வெள்ளி ரூபாயையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.67 விழுக்காடு வெள்ளி. அதாவது சுத்த வெள்ளி ஏறத்தாழ 10.69 கிராம். பெரும்பான்மையான ஆண்டுகளின் சாதாரண நிலையிலுள்ள ரூபாய்களுக்கு, அன்றைய வெள்ளி விலையைவிடச் சற்றே கூடுதலாகத்தான் கிடைக்கும். 1940 முதல் வெளியான ரூபாய்களில் வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை அறியாமல் ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள் அனைத்தையும் "சுத்த வெள்ளி" என்று எழுதுவது முதன்முறை விற்பவர்கள் செய்யும் பொதுவான பிழை. வாங்குபவர் தராசும் அனுபவமும் உள்ளவராக இருப்பார். பொருள் கைக்கு வந்த அன்றே தகராறு தொடங்கிவிடும்.

மாறாக, சில நாணயங்கள் தோற்றத்தில் சாதாரணமாக இருந்தும் சேகரிப்பாளர்களால் தேடப்படுபவை. 1911-ல் வெளியான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் அங்கியில் இருந்த யானை உருவத்தின் துதிக்கை குறுகி, பன்றிபோலத் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அச்சிடப்பட்ட சுமார் 94 லட்சத்தில் 7 லட்சம் மட்டுமே வெளியே சென்றதாகவும், எஞ்சியவை உருக்கப்பட்டதாகவும் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகக் குறிப்பு கூறுகிறது. அடுத்த ஆண்டு யானை திருத்தி வரையப்பட்டது. இத்தகைய நாணயம் ஒன்று வெள்ளியின் எடைக்கு விற்கப்பட்டால் நட்டம் விற்பவருக்கே. இதேபோல் 1939 ஆண்டுக் குறியுள்ள ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் மிக அரியது. அதனாலேயே அதன் போலிகளும் மிகுதி. பெட்டியில் 1939 கிடைத்தால் மகிழ்வதற்கு முன் ஐயப்படுவது நல்லது. அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டும் வரை அதை ஏலத்தில் ஏற்றாமல் இருப்பதே முறை.

மறுபக்கத்தில், இல்லாத அருமையை ஏற்றிச் சொல்லும் கதைகள் உள்ளன. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5, 10 ரூபாய் நாணயங்கள், 786 என முடியும் வரிசை எண் கொண்ட நோட்டுகள், டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டு ஆகியவை லட்சக்கணக்கில் விலைபோவதாகச் சமூக ஊடகங்களில் சுற்றும் செய்திகளுக்கு ஏல முடிவுகளில் ஆதாரம் இல்லை. அனுமார், ராமர் பட்டாபிஷேகம் ஆகியவற்றுடன் "1818", "1616" என ஆண்டுகள் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரைத் தாங்கிவரும் செப்புக் காசுகள் எந்த நாணயச்சாலையிலும் அச்சிடப்படாத கற்பனைப் படைப்புகள். கம்பெனி நாணயங்களில் இந்துக் கடவுளர் உருவமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. சென்னை நாணயச்சாலையின் நட்சத்திர வராகனில் திருமாலும், 1807-08 காலத்து வெள்ளி அரை வராகனில் கோயில் கோபுரமும் உண்டு. அவை வேறு, இந்த "சக்திவாய்ந்த" காசுகள் வேறு. தாத்தா பூஜை அறையில் வைத்து வணங்கிய காசு என்பதால் அது உண்மையானது ஆகிவிடாது. ஆனால் அப்படிக் குறிப்பிட்டு விற்றால், அது பொய்யான விவரிப்பு ஆகிவிடும்.

விலையை அறிய மிக எளிய வழி ஒன்று உண்டு. ஏல நிறுவனங்கள் தங்கள் முந்தைய ஏலங்களின் இறுதி விலைகளைத் தங்கள் தளங்களிலேயே வெளியிடுகின்றன. பட்டியலில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலையைப் பார்க்க வேண்டும். பத்து லட்சம் என்று யாரும் எழுதலாம். அந்த விலையைக் கொடுத்தவர் யார் என்பதே கேள்வி.

புளியைத் தொடாதீர்கள்

இந்திய வீடுகளில் நாணயத்திற்கு நேரும் பெரிய ஆபத்து, விற்பதற்கு முந்தைய நாள் மாலை நிகழ்கிறது. பளபளப்பாக இருந்தால் நல்ல விலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் புளி, எலுமிச்சை, சாம்பல், பாத்திரத் தேய்ப்பான் என வீட்டில் உள்ளவை அனைத்தும் பயன்படுத்தப்படுகின்றன. நூறு ஆண்டுகளில் வெள்ளியின் மேல் படிந்த கருமையும் செம்பின் மேல் படிந்த பழுப்பும்தான் அந்த நாணயம் தீண்டப்படாதது என்பதற்குச் சான்று. அவற்றைத் தேய்த்து அகற்றியதும் மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் உருவாகின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருக்கும் எந்தச் சேகரிப்பாளரும் அதை ஒரு நொடியில் கண்டுவிடுவார். தேய்த்த நாணயத்தின் மதிப்பு பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம். இழந்த மேற்பரப்பை மீட்க வழியே இல்லை.

ஏற்கெனவே தேய்த்துவிட்டால் என்ன செய்வது? "சுத்தம் செய்யப்பட்டது" என்று விவரிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். விலை குறையும். ஆனால் பிரச்சினை வராது.

விவரிப்பும் படமும்

இபே நிறுவனம் தன் தொடக்கம் குறித்து விரும்பிச் சொல்லும் ஒரு கதை உண்டு. 1995-ல் நிறுவனர் பியர் ஓமிடியார் தம் தளத்தைச் சோதிக்கும் பொருட்டு, பழுதடைந்த லேசர் பாயிண்டர் ஒன்றை ஏலத்தில் போட்டார். அது 14.83 டாலருக்கு விலைபோனது. வியப்படைந்த அவர், அது வேலை செய்யாது என்பது தெரியுமா என்று வாங்கியவரிடம் கேட்டார். பழுதான லேசர் பாயிண்டர்களையே தாம் சேகரிப்பதாக அவர் பதில் அளித்தாராம். குறையுள்ள பொருளுக்கும் வாங்குபவர் இருக்கிறார் என்பது இதிலிருந்து விளங்கும். அவருக்கு வேண்டியது, குறை என்ன என்று முன்கூட்டியே தெரிவது.

நாணயத்தில் இந்தியாவுக்கே உரிய குறை ஒன்று, சங்கிலியில் கோப்பதற்காக வளையம் பற்றவைத்த தழும்பு. காசுமாலையிலும் குழந்தைகளின் கழுத்துக் கயிற்றிலும் தொங்கிய ரூபாய்கள் ஏராளம். வளையத்தை அகற்றி விளிம்பை அராவிவிட்டால் முன்பக்கப் படத்தில் தெரியாது. எனவே நேர்மையான விற்பனையாளர் முன், பின் பக்கங்களுடன் விளிம்பையும் படம் எடுத்துப் போடுகிறார். துளை அடைக்கப்பட்டிருந்தால் அதையும் தனியே காட்டுகிறார்.

படத்திற்குப் பகல் வெளிச்சம் போதும். ஃபில்டர் கூடாது, கருமையைக் குறைத்து வெண்மையைக் கூட்டும் திருத்தமும் கூடாது. பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்தால் கேள்விகள் குறையும். மற்றொருவர் போட்ட படத்தை எடுத்துப் போடுவது மன்னிக்கப்படாத குற்றமாகச் சேகரிப்பாளர் குழுக்களில் கருதப்படுகிறது. "மாதிரிப் படம்" என்று கீழே எழுதியிருந்தாலும் அது ஏற்கப்படுவதில்லை, ஏனெனில் ஒவ்வொரு நாணயமும் தன் தேய்மானத்தால்தான் விலை பெறுகிறது.

எழுத வேண்டியவை அதிகம் இல்லை: ஆண்டு, மதிப்பு, உலோகம், கிராமில் எடை, மில்லிமீட்டரில் விட்டம், நாணயச்சாலைக் குறி, குறைகள். குடியரசு இந்தியாவின் நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், வட்டப்புள்ளி இருந்தால் நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. தரத்தைக் குறிக்க 'அன்சர்க்குலேட்டட்', 'எக்ஸ்ட்ரா ஃபைன்' போன்ற சொற்கள் புழக்கத்தில் உள்ளன. முதன்முறை விற்பவர் இவற்றைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. தரம் தெரியாதபோது "தரத்தைப் படத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளவும்" என்று எழுதுவதில் இழிவு இல்லை. "அரியது", "கிடைக்காதது", "ராசியானது" போன்ற அடைமொழிகள் அனுபவமுள்ள வாங்குபவரை விலகவே வைக்கும்.

இவற்றுள் சட்டமும் அடங்கியிருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, விவரிப்பின் அடிப்படையில் விற்கப்படும் பொருள் அந்த விவரிப்போடு ஒத்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனை. "ரிட்டர்ன் கிடையாது" என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற எண்ணம் தவறானது.

விலையும் சுத்தியலும்

தொடக்க விலையைக் குறைவாக வைத்தால் பலர் கேட்க வருவார்கள், போட்டி உருவாகும். ஆனால் இருவர் மட்டுமே வந்தால் பொருள் குறைந்த விலைக்கே போகும். அந்த இழப்பைத் தாங்க இயலாதவர்கள் தொடக்க விலையையே தங்களுக்கு ஏற்புடைய குறைந்தபட்ச விலையாக வைத்துக்கொள்வது நேர்மையான வழி. மற்றொன்று 'ரிசர்வ்' விலை: அந்த அளவை எட்டாவிட்டால் விற்பனை இல்லை. ரிசர்வ் உண்டு என்பதை ஏலம் தொடங்கும் முன்பே அறிவிக்க வேண்டும். ஏலம் முடிந்தபின் "இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது" என்று கூறுவதுதான் முதன்முறை விற்பவர்கள் மீது எழும் புகார்களில் முதன்மையானது.

இதிலும் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. ஏலம் நடத்துபவர் சுத்தியலைத் தட்டியோ வேறு வழக்கமான முறையிலோ முடிவை அறிவிக்கும்போது விற்பனை நிறைவடைகிறது. அதுவரை கேட்டவர் தம் கேட்பைத் திரும்பப் பெறலாம் என்றும் சட்டம் கூறுகிறது. ஏல நிறுவனங்களின் நிபந்தனைகள் பெரும்பாலும் இதைவிடக் கடுமையானவை. இணையத்தில் கடிகாரமே சுத்தியல். எனவே ஏலம் முடியும் நேரத்தை நாளும் மணியும் நிமிடமும் குறித்து எழுத வேண்டும். "இன்றிரவு முடியும்" என்பது நேரம் அல்ல, சண்டைக்கான அழைப்பு. கடைசி நொடியில் வந்து கேட்பதை 'ஸ்னைப்பிங்' என்பார்கள். இதைத் தவிர்க்க, இறுதி ஐந்து நிமிடங்களில் கேட்பு வந்தால் நேரம் நீளும் என்று பல குழுக்கள் விதி வைத்துள்ளன. எந்த விதியாயினும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது.

அதே பிரிவு மற்றொன்றையும் கூறுகிறது. விற்பவர் தாமே ஏலம் கேட்கும் உரிமையை முன்கூட்டி வெளிப்படையாக ஒதுக்கிக்கொள்ளாத நிலையில், அவரோ அவருக்காக வேறொருவரோ கேட்டால், அந்த விற்பனையை மோசடியாகக் கருத வாங்குபவருக்கு உரிமை உண்டு. விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாகக் கேட்டாலும் வாங்குபவர் விற்பனையை ரத்து செய்யலாம். மைத்துனரை விட்டு 500 ரூபாய் கூட்டிக் கேட்கச் சொல்வது குடும்பத்துக்குள் நடக்கும் சிறு உதவியாகத் தோன்றலாம். சட்டத்தின் பார்வையில் அது அப்படி இல்லை.

இதன் அளவைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வழக்கு உதவும். 2000 மே மாதம் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் கென்னத் வால்டன், நவீன ஓவியம் ஒன்றை 25 சென்ட் தொடக்க விலையில் இபேயில் போட்டார். ஓவியர் பெயரை அவர் எழுதவே இல்லை. படத்தின் மூலையில் புகழ்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்னின் முதலெழுத்துகள் தெரியும்படி படம் மட்டும் போட்டிருந்தார். வீட்டில் கிடந்த படம், ஒன்றும் தெரியாதவன் விற்கிறேன் என்ற தோரணையில் விவரிப்பு இருந்தது. விலை 1,35,805 டாலர் வரை ஏறியது. பின்னர், அவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் தங்கள் ஏலங்களில் தாங்களே கேட்டு வந்தது தெரியவந்தது. விற்பனை ரத்தானது, கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இந்த வழக்கில் கவனிக்கத்தக்கது, விவரிப்பில் நேரடிப் பொய் மிகக் குறைவாகவும் தூண்டில் மிகுதியாகவும் இருந்ததுதான். "இது என்னவென்று எனக்குத் தெரியாது, தாத்தாவுடையது" என்று தெரிந்தே எழுதும் இங்குள்ள விற்பனையாளர்களுக்கும் அது பொருந்தும். உண்மையிலேயே தெரியாதவர் அவ்வாறு எழுதலாம். தெரிந்தவர் எழுதக் கூடாது.

ஏலம் நடக்கும்போது

கேள்விகள் வரும். தனிச்செய்தியில் வரும் கேள்விக்குப் பொதுவில் பதில் சொல்வதே மரபு. எடை என்ன என்று ஒருவர் கேட்டால், அந்தப் பதில் எல்லோருக்கும் உரியது. ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போது "நான் இவ்வளவு தருகிறேன், ஏலத்தை நிறுத்திவிடுங்கள்" என்று ஒருவர் தனியே அணுகுவார். பெரும்பாலும் பொருளின் உண்மை மதிப்பை அறிந்தவர்தான் அப்படி வருவார். மறுத்துவிடுவது மற்ற கேட்பாளர்களுக்கு மட்டுமன்றி விற்பவருக்கும் நல்லது. குறையொன்று பாதியில் கண்ணில் பட்டால் உடனே அறிவித்து, ஏற்கெனவே கேட்டவர்கள் விரும்பினால் விலகிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். கருத்துப் பதிவுகளை அழிப்பதோ திருத்துவதோ கூடாது.

பணமும் பொதியும்

ஏலம் முடிந்ததும் வென்றவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும்: இறுதி விலை, அஞ்சல் செலவு, மொத்தத் தொகை, எத்தனை நாள்களுக்குள் செலுத்த வேண்டும் என்பன. அஞ்சல் செலவை விளம்பரத்திலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். 300 ரூபாய் நாணயத்துக்கு 250 ரூபாய் அஞ்சல் செலவு என்று பின்னர் சொல்வது மறைமுக விலையேற்றம். இரண்டு நாள் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். மணிக்கொரு முறை அழைப்பது கூடாது. வென்றவர் பணம் செலுத்தாமல் மறைந்துவிட்டால், அடுத்தபடியாகக் கேட்டவருக்கு அவர் கேட்ட கடைசி விலையிலேயே வாய்ப்பளிக்கலாம். அவர் மறுத்தால் வற்புறுத்தக் கூடாது, அவர் கடமைப்பட்டவர் அல்லர்.

நாணயத்தின் மேல் நேரடியாகச் செல்லோடேப் ஒட்டி அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். பசை உலோகத்தில் ஊறும். பிவிசி வகை பிளாஸ்டிக் உறையும் நாளடைவில் செம்பில் பச்சைப் படிவை உண்டாக்கும். நடுவில் வட்டச் சன்னல் வைத்த அட்டை உறைகள் சேகரிப்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அதை இரு தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்து, குலுக்கினால் சத்தம் வராதபடி கட்ட வேண்டும். உள்ளே காசு இருப்பதை உறையே அறிவிக்கலாகாது. மேலே "பழைய நாணயம்" என்று பெரிதாக எழுதுவோரும் இருக்கிறார்கள். நாணயம், நோட்டு, விலையுயர்ந்த உலோகம் ஆகியவற்றை ஏற்பதற்குக் கூரியர் நிறுவனங்கள் தனி விதிகள் வைத்துள்ளன; சில ஏற்பதே இல்லை. விதியை மீறி அனுப்பிய பொதி தொலைந்தால் இழப்பீடு கிடைக்காது. பொதி கட்டுவதை இடைவெட்டு இல்லாமல் காணொலி எடுத்துவைப்பதும், பிரிப்பதைக் காணொலி எடுக்குமாறு வாங்குபவரைக் கேட்டுக்கொள்வதும் இப்போது இருதரப்புக்கும் பழக்கமாகிவிட்டன.

விற்கவே கூடாதவை

பெட்டியில் இருப்பதெல்லாம் விற்பனைக்கு உரியது அல்ல. 2016-ல் திரும்பப் பெறப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளை மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆய்வு, நாணயவியல் சேகரிப்பு நோக்கத்திற்கு 25 வரை அனுமதி. மீறினால் 10,000 ரூபாய் அல்லது நோட்டுகளின் முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது அபராதம்.

நிலத்தில் புதைந்து கிடைத்தவை வேறு வகை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். "வயலில் உழும்போது கிடைத்தது" என்று பெருமையாக எழுதி நாணயங்களை ஏலத்தில் போடுபவர், தாம் எழுதுவது ஒப்புதல் வாக்குமூலம் என்பதை அறிவதில்லை.

நூறு ஆண்டுகள் கடந்த நாணயம், சிற்பம், ஓவியம் ஆகியவையும் 75 ஆண்டுகள் கடந்த மதிப்புமிக்க சுவடிகளும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின் வரம்பில் வருகின்றன. இவற்றை வணிகமாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப இயலாது. வெளிநாட்டு முகவரியிலிருந்து எவ்வளவு உயர்ந்த கேட்பு வந்தாலும் விக்டோரியா ரூபாயை அஞ்சலில் அனுப்பக் கூடாது என்பது இதன் நேரடிப் பொருள். விற்பனைக்கு இந்தியாவுக்குள் மட்டுமே அனுப்பப்படும் என்று முதல் வரியிலேயே எழுதிவிடலாம். பெட்டியில் யானைத் தந்தச் சிமிழ் இருந்தால் அதை வெளியே எடுக்கவே வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதன் வணிகத்தை அனுமதிப்பதில்லை.

விற்பவரைக் குறிவைக்கும் மோசடி

இணைய ஏலத்தில் ஏமாற்றப்படுவது வாங்குபவர் மட்டுமே என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பழைய நாணயங்களைப் பொறுத்தவரை நிலைமை பெரும்பாலும் தலைகீழ். "உங்கள் 5 ரூபாய் நாணயத்துக்கு 12 லட்சம் தருகிறோம்" என்று அழைப்பு வரும். ரிசர்வ் வங்கியின் முத்திரையுடன் ஒரு கடிதம் வரும். பின்னர் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பணம் கேட்கப்படும். இவ்வாறு தன் பெயரும் சின்னமும் தவறாகப் பயன்படுத்தப்படுவது குறித்து 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பொது எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணய விற்பனையில் தாம் ஈடுபடுவதில்லை என்றும், இதற்காக எவரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும், தம் சார்பில் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் தனிநபருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அது கூறியது. விற்பவர் பணம் பெற வேண்டியவர். கொடுக்க வேண்டியவர் அல்லர். முறையான ஏல நிறுவனம் தன் கமிஷனை எழுத்துமூல ஒப்பந்தத்தில் குறிப்பிட்டு, விற்பனைத் தொகையிலிருந்து கழித்துக்கொள்வதே வழக்கம்.

மற்றொரு பழைய தந்திரம், "பணம் அனுப்ப" ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வது. யுபிஐ முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண்ணை இட வேண்டிய தேவையே இல்லை. பின் எண் கேட்கப்பட்டால் பணம் போகப்போகிறது என்று பொருள். கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று காட்டப்படும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பலாகாது. வங்கிக் கணக்கில் தொகை வந்ததைத் தாமே பார்த்த பிறகுதான் பொருள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். பணம் இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். முதல் சில மணி நேரத்தில் தெரிவித்தால் தொகையை வழியிலேயே முடக்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

ஒருமுறை விற்பவரும் வணிகரும்

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், தனிநபர் தம் சொந்த அளவில், தொடர்ச்சியான வணிகமாக அன்றிச் செய்யும் செயலுக்குப் பொருந்தா. தாத்தாவின் பெட்டியை ஒருமுறை விற்பவர் இந்த விலக்கில் அடங்குவார். அந்த வருமானத்தின் சுவை கண்டு, வாரந்தோறும் சந்தையில் வாங்கி இணையத்தில் விற்கத் தொடங்கியவர் அடங்கமாட்டார். அவருக்குத் திரும்பப் பெறும் கடமையும் உண்டு: குறையுள்ள, அல்லது விவரித்தபடி இல்லாத பொருளை ஏற்க மறுப்பது விதிமீறல். வாங்குபவர் போல் நடித்துத் தம் பொருளுக்குத் தாமே பாராட்டு எழுதுவதையும் அவ்விதிகள் தடைசெய்கின்றன. தீர்வு கிடைக்காத வாங்குபவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நாடலாம்.

பொருள் சேர்ந்த பிறகு "இது நீங்கள் சொன்னது அல்ல" என்று செய்தி வந்தால், முதன்முறை விற்பவர் பெரும்பாலும் கோபப்படுகிறார், அல்லது பதிலளிக்காமல் விடுகிறார். இரண்டுமே குழுவில் அவர் பெயரைக் கெடுக்கும். படம் கேட்டு, தம் காணொலியுடன் ஒப்பிட்டு, தவறு தம்முடையது எனில் திருப்பி அனுப்பும் செலவையும் ஏற்றுக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவதே முறை. வந்தது அதே நாணயம்தானா என்பதை எடையும் தேய்மானத் தழும்புகளும் காட்டிவிடும். அனுப்பும் முன் எடுத்த விளிம்புப் படம் அப்போதுதான் பயன்படும்.